அம்பாசிடருக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன்: பாயிண்டைக் கழற்றுமுன் டிஸ்ட்ரிபியூட்டரைப் பாருங்கள்

பழைய கார் வைத்திருக்கும் நண்பர்கள் சந்தித்துக்கொள்ளும்போதெல்லாம் பேச்சு சுற்றிச் சுற்றி ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது. எஞ்சினில் பொறி எழுப்ப உதவும் பாயிண்ட் என்ற சிறு உலோகச் சுவிட்சையும் அதன் கூட்டாளியான கண்டன்சரையும் எடுத்துவிட்டு, அந்த வேலையைச் செய்யும் எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டிவிடலாமா? மாட்டலாம் என்பதே என் பதில். எங்கள் வீட்டு அம்பாசிடருக்கு மாட்டிவிட்டேன். அதில் எனக்கு முழுத் திருப்தி. ஆனால் அந்தப் பதிலோடு இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தே சொல்வேன். முதலாவது, மாட்டுவதற்கு முன், பாயிண்டைத் தன்னுள் வைத்துக்கொண்டு பொறியைப் பிளக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் நல்ல நிலையில் இருக்க வேண்டும். இரண்டாவது, என்றைக்கு வேண்டுமானாலும் பழைய பாயிண்டுக்கே திரும்பிவிடக்கூடிய விதத்தில் அந்த வேலை நடக்க வேண்டும். பாயிண்டின் இடத்தில் உட்காரும் எலக்ட்ரானிக் மாட்யூல் மாற்றுவது ஒரே ஒரு சுவிட்சை மட்டும்தான். ஷாஃப்ட், அதன் புஷ், எடைகள், ஸ்பிரிங்குகள், வேக்குவம் யூனிட், ரோட்டர், கேப், பிளக் வயர்கள் ஆகிய அனைத்தும் பழையபடியேதான் இருக்கும். இவற்றில் எது கெட்டிருந்தாலும் மாட்யூலால் அதைச் சரிசெய்ய முடியாது. புளிக்காத மாவுக்குத் தோசைக்கல்லை மாற்றிப் பயனில்லை.

எங்களுடையது 1974ஆம் ஆண்டு மார்க் 2. உள்ளே இருப்பது பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் (பி.எம்.சி.) வழி வந்த 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பில் லூகாஸ் டிவிஎஸ் என்ற எழுத்துகள் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. அந்த நிறுவனம் 1961இல் தொடங்கப்பட்டது. அதன் ஆலை நம் சென்னையின் பாடிப் பகுதியில்தான் இருக்கிறது. மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் உருவான காரின் தீப்பொறிக்குச் சென்னைதான் பொறுப்பேற்றிருந்தது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. இங்கே நான் எழுதுவதெல்லாம் இந்த எஞ்சினையும் இந்த வகை டிஸ்ட்ரிபியூட்டரையும் வைத்துத்தான் என்றாலும், அடிப்படைகள் பத்மினிக்கும் வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

பாயிண்ட் என்ன செய்கிறது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது, ஏனென்றால் அது புரிந்தால்தான் எதை மாற்றுகிறோம் என்பதும் புரியும். பேட்டரியின் 12 வோல்ட்டால் பிளக்கின் இடைவெளியைத் தாண்ட முடியாது. அதற்குப் பல ஆயிரம் வோல்ட் தேவை. பாயிண்ட் மூடியிருக்கும் நேரத்தில், மின்னழுத்தத்தை உயர்த்தும் காயிலின் முதன்மைச் சுற்றில் சுமார் 4 ஆம்பியர் மின்சாரம் ஓடி, உள்ளே இருக்கும் இரும்பைச் சுற்றிக் காந்தப்புலத்தை எழுப்புகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டில் உள்ள நான்கு முனைக் கேம் பாயிண்டைத் தள்ளித் திறந்தவுடன் அந்த மின்சாரம் சட்டென்று அறுந்து, காந்தப்புலம் சரிந்து, இரண்டாம் சுற்றில் உயர் அழுத்த மின்சாரம் பிறக்கிறது. ரோட்டர் அதை 1, 3, 4, 2 என்ற வரிசையில் பிளக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. பாயிண்ட் திறக்கும்போது அதன் முகங்களுக்கிடையே பொறி பறந்து மின்சாரம் இழுபடாமல் பார்த்துக்கொள்வது கண்டன்சரின் வேலை. சார்ல்ஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் காடிலாக் கார்களுக்காக உருவாக்கிய இந்த ஏற்பாடு, அறுபது ஆண்டுகளுக்கு மேல் உலகத்துக் கார்களையெல்லாம் ஓட்டியது. கிரைஸ்லர் நிறுவனம் 1973 மாடல்களில் எலக்ட்ரானிக் இக்னிஷனை எல்லாக் கார்களுக்கும் பொதுவாக்கிய காலத்தில், நம் ஊரில் பாயிண்ட் வைத்த கார்கள்தான் புதிதாக ஷோரூமிலிருந்து வெளிவந்துகொண்டிருந்தன.

இதன் வேகத்தை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது டிஸ்ட்ரிபியூட்டர் 1,500 சுற்று ஓடுகிறது. சுற்றுக்கு நான்கு பொறி என்றால் நிமிடத்துக்கு 6,000, அதாவது வினாடிக்கு 100. ஒரு பொறிக்கும் அடுத்த பொறிக்கும் நடுவே 10 மில்லி வினாடிதான். இந்த வகை டிஸ்ட்ரிபியூட்டரில் ஒவ்வொரு பொறிக்கும் உரிய 90 டிகிரிச் சுழற்சியில் 60 டிகிரி பாயிண்ட் மூடியிருக்க வேண்டும் என்பது கணக்கு, ஆகவே காயில் நிரம்புவதற்குக் கிடைப்பது சுமார் 6.7 மில்லி வினாடி. வினாடிக்கு நூறு முறை திறந்து மூடும் ஒரு சிறு உலோகத் துண்டு இத்தனை ஆண்டுகள் நமக்கு உழைத்திருக்கிறது என்பதை நினைத்தால், அதைக் கழற்றும்போதும் மரியாதையோடுதான் கழற்றத் தோன்றும்.

அது தேய்வதும் இயல்புதான். பாயிண்டின் இரு முகங்களில் ஒன்றிலிருந்து உலோகம் பெயர்ந்து மற்றதில் படிந்து, ஒரு பக்கம் பள்ளமும் எதிர்ப்பக்கம் மேடுமாகிவிடுகிறது. கேமில் உரசும் சிறு குதிகால் பகுதியும் தேய்ந்துகொண்டே வருகிறது. குதிகால் தேய்ந்தால் இடைவெளி குறைகிறது. இடைவெளி குறைந்தால் பாயிண்ட் திறப்பது தாமதமாகி டைமிங், அதாவது பொறி பறக்கும் நேரம், பின்தங்குகிறது. இது ஒரே நாளில் நடப்பதில்லை என்பதால் ஓட்டுபவருக்குத் தெரிவதில்லை. பிக்கப் குறைவதையும், எஞ்சின் கூடுதலாகச் சூடாவதையும், பெட்ரோல் அதிகம் குடிப்பதையும் வண்டிக்கு வயதாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு பலர் பல மாதம் ஓட்டிவிடுகிறார்கள். புத்தகத்தில் சொன்ன இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை. நம் மெக்கானிக்குகளில் பெரியவர்கள் ஃபீலர் கேஜ் இல்லாமலே சட்டைப் பையிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து நுழைத்துப் பார்த்துப் பாயிண்டை செட் செய்வார்கள். பிளக்குக்கு உடைந்த ஹாக்சா பிளேடு. அந்தப் பிளேடின் கனம் சுமார் 0.63 மில்லிமீட்டர், பழைய புத்தகங்கள் பிளக்குக்குச் சொல்லும் இடைவெளியும் ஏறக்குறைய அதுவேதான். அவர்களுடைய கைப்பழக்கத்துக்குப் பின்னால் இப்படிக் கணக்கும் இருக்கிறது.

அப்படியிருக்க ஏன் மாற்ற வேண்டும்? என்னைப் பொறுத்தவரை பெரிய காரணம் இன்று கடையில் கிடைக்கும் பாயிண்டும் கண்டன்சரும்தான். ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் கேட்டால் அட்டைப்பெட்டியில் புதுசாக எடுத்துக் கொடுக்கிறார்கள். ஆனால் குதிகால் மென்மையான பிளாஸ்டிக்காக இருக்கிறது, முகங்கள் இரண்டும் நேருக்கு நேர் உட்காராமல் ஓரத்தில் மட்டும் தொடுகின்றன, ஸ்பிரிங்கின் இழுவையும் ஒன்றுக்கொன்று மாறுபடுகிறது. எல்லாமே அப்படி என்று சொல்லமாட்டேன், நல்லதும் கிடைக்கிறது. ஆனால் எது நல்லது என்பது மாட்டி ஓட்டிய பிறகுதான் தெரிகிறது என்பதே சிக்கல்.

கண்டன்சர் அதைவிட மோசம். அது கெடும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சென்னை வெயிலில் அது எல்லோரையும் ஏமாற்றிவிடுகிறது. காலையில் செல்ஃப் அடித்தவுடன் எஞ்சின் பிடித்துக்கொள்ளும், கத்திப்பாராவைத் தாண்டி நெரிசலில் அரை மணி நேரம் நகர்ந்து நகர்ந்து போனால் மிஸ்ஸிங் தொடங்கும், பிறகு நின்றுவிடும். ஓரமாகத் தள்ளிப் பானெட்டைத் திறந்துவைத்துக் காத்திருந்தால், சூடு தணிந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி ஓடும். இதைப் பார்த்தவுடன் நம்மவர்கள் பெட்ரோல் லைனில் ஆவி அடைத்துக்கொண்டது என்று முடிவு கட்டிப் பெட்ரோல் பம்ப்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றுவார்கள். ஈரத்துணி சுற்றுகிற நேரத்தில் கண்டன்சரும் ஆறிவிடுவதால், துணிதான் காப்பாற்றியது என்ற நம்பிக்கை உறுதிப்பட்டுவிடும். கண்டன்சருக்குள் இருக்கும் காப்புத் தாள் சூட்டில் பலவீனமாகி மின்சாரம் கசிவதுதான் இதற்குப் பல நேரங்களில் காரணம். வண்டி நின்ற அந்த இடத்திலேயே, ஆறுவதற்கு முன், ஒரு பிளக்கைக் கழற்றி வயரோடு எஞ்சினின் மேல் நன்றாகப் படியும்படி வைத்து, பெட்ரோல் வாடையோ கசிவோ அருகில் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, செல்ஃப் அடித்துப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். பொறி நீலமாகச் சொடுக்கினால் பெட்ரோல் பக்கம் போங்கள். மஞ்சளாக மெலிந்து வந்தாலோ வரவே இல்லை என்றாலோ இக்னிஷன் பக்கம் போங்கள்.

அசல் தன்மை கெட்டுவிடாதா என்று கேட்பவர்களின் கவலை எனக்கும் உண்டு, அதை நான் அற்பமாக நினைக்கவில்லை. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் கொண்டுவந்த திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுக்கு மேலான, வணிகத்துக்குப் பயன்படாத வாகனங்களை வின்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். அவை அசல் வடிவில் பேணப்பட்டு, சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யப்படாதவையாக இருக்க வேண்டும். அப்படிப் பதிவு செய்த வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்டவும் முடியாது. நான் வண்டியை ஓட்டவே வைத்திருக்கிறேன் என்பதால் சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு போகிறேன். ஆனாலும் நாளை யாராவது அந்த வழியில் போக நினைத்தால் அவர்கள் கையைக் கட்டிப்போடுகிற மாதிரி எதையும் செய்துவிடக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். துளை போடுவதில்லை, எதையும் வெட்டுவதில்லை, பழைய வயரிங்கை அறுப்பதில்லை. டிஸ்ட்ரிபியூட்டரின் கேப்புக்குள் அடங்கிவிடும் மாட்யூலைத் தேர்ந்தெடுத்ததும் இதனால்தான். பானெட்டைத் திறந்து பார்த்தால் காயிலுக்குப் போகும் கூடுதல் வயர் ஒன்றைத் தவிர வித்தியாசம் தெரியாது.

இனி டிஸ்ட்ரிபியூட்டருக்கு வருகிறேன். இந்தப் பதிவில் நான் மிக முக்கியமாகக் கருதும் பகுதி இதுதான். முதலில் கேப்பையும் ரோட்டரையும் எடுத்துவிட்டு, ஷாஃப்டின் தலையை இரு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவு ஆட்டம் இருந்தால், ஷாஃப்டைத் தாங்கும் கீழே உள்ள புஷ் தேய்ந்திருக்கிறது. அந்த ஆட்டம் பாயிண்டின் இடைவெளியை ஒவ்வொரு முனைக்கும் ஒவ்வொரு அளவாக மாற்றிவிடும். நான்கு சிலிண்டருக்கும் நான்கு டைமிங். மாட்யூல் மாட்டினால் இந்தக் குறை ஓரளவு மறையும், ஏனென்றால் காந்தம் கடந்துபோவதைப் பார்ப்பதற்கு உரசல் தேவையில்லை. ஆனால் மறைவது வேறு, தீர்வது வேறு. ஆட்டம் அதிகமானால் காந்த வளையம் மாட்யூலில் உரசி இரண்டும் பாழாகும். புஷ் மாற்றுவது லேத் வேலை தெரிந்த யாருக்கும் கைவந்த வேலைதான். புதுப்பேட்டையில் பொறுமையாகத் தேடினால் ஆட்டமில்லாத பழைய டிஸ்ட்ரிபியூட்டரே முழுசாகக் கிடைக்கவும் வாய்ப்புண்டு. அப்படி வாங்குவதாக இருந்தால் எந்த எஞ்சினுக்கு உரியது என்பதை உடம்பில் பொறித்த எண்ணை வைத்துச் சரிபார்த்த பிறகே வாங்க வேண்டும், ஏனென்றால் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பவற்றின் உள்ளே எடைகளும் ஸ்பிரிங்குகளும் வேறாக இருக்கும்.

அடுத்தது அந்த எடைகள். பாயிண்ட் உட்காரும் தகடான பேஸ் பிளேட்டுக்குக் கீழே, வெளிச்சம் படாத இடத்தில், இரண்டு சிறு எடைகளும் இரண்டு ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. எஞ்சின் வேகம் கூடும்போது எடைகள் வெளியே விரிந்து கேமை முன்னே திருப்பிப் பொறியை முந்தச் செய்கின்றன. ஐம்பது ஆண்டுக் கிரீஸ் அங்கே பிசினாகிவிட்டிருந்தால் எடைகள் விரியாது, அல்லது விரிந்தவை திரும்பாது. ரோட்டரைச் சுற்றும் திசையில் கொஞ்சம் திருப்பி விட்டுப் பார்த்தால் அது தானாகவே ஸ்பிரிங்கோடு பழைய இடத்துக்கு வர வேண்டும். மந்தமாக வந்தால் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, மெல்லிய எண்ணெய் தொட்டு வைக்க வேண்டும். இரண்டு ஸ்பிரிங்கும் ஒரே மாதிரி இல்லையே என்று மாற்றிவிடாதீர்கள். ஒன்று மெலிதாகவும் மற்றது கனமாகவும் இருப்பது அமைப்பே அப்படித்தான். எஞ்சினின் உறிஞ்சலால் பேஸ் பிளேட்டைத் திருப்பிப் பொறியின் நேரத்தை மாற்றும் வேக்குவம் யூனிட்டைச் சோதிக்க ஒரு ரப்பர் டியூப் போதும்: வாயால் உறிஞ்சினால் பேஸ் பிளேட் நகர வேண்டும், நாக்கால் அடைத்தால் நகர்ந்த இடத்திலேயே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் உள்ளே இருக்கும் ஜவ்வு கிழிந்துவிட்டது.

இன்னொன்றையும் பாருங்கள், இது பலர் கவனிக்காதது. நகரும் பேஸ் பிளேட்டையும் டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பையும் இணைக்கும் சின்னஞ்சிறு எர்த் வயர் ஒன்று இருக்கிறது. துணி சுற்றிய, நூல் போல வளையக்கூடிய வயர். வேக்குவம் இழுக்கும் ஒவ்வொரு முறையும் அது வளைந்து வளைந்து உள்ளே இழைகள் அறுந்து, மேலே உறை மட்டும் முழுசாகத் தெரியும். பாயிண்டுக்கும் இது தேவை; பேஸ் பிளேட் வழியாக எர்த் எடுக்கும் மாட்யூலுக்கோ இதைவிட முக்கியமானது எதுவுமில்லை. மாட்யூல் வாங்கிய வாரத்திலேயே எரிந்துவிட்டது என்று குறை சொல்பவர்கள் முதலில் மல்டிமீட்டரை வைத்து இந்த வயரைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

ராயப்பேட்டையில் எங்கள் வண்டியை நெடுங்காலமாகப் பார்த்துவரும் மெக்கானிக் அண்ணன் இந்த வேலைக்கு முதலில் சம்மதிக்கவில்லை. "தம்பி, பாயிண்ட் கெட்டா ரோட்டோரமா ரெண்டு தேய் தேய்ச்சு வீட்டுக்கு வந்துடலாம். இது போச்சுன்னா வண்டியக் கட்டி இழுத்துக்கினுதான் வரணும்" என்றார். அவர் சொன்னதில் தவறே இல்லை. பாயிண்ட் மெல்ல மெல்லக் கெடும், எச்சரிக்கும், தற்காலிகமாகச் சரிசெய்ய இடம் கொடுக்கும். மாட்யூல் கெட்டால் ஒரு நொடியில் கெட்டுவிடும். "அதுக்கு வழி வச்சிருக்கேண்ணே" என்று சொல்லி, புதுப்பேட்டையில் வாங்கிவைத்திருந்த இன்னொரு பேஸ் பிளேட்டை அவரிடம் கொடுத்தேன். அதில் நல்ல பாயிண்டும் பழைய காலத்துக் கண்டன்சரும் பொருத்தி, இந்த டிஸ்ட்ரிபியூட்டரிலேயே வைத்து இடைவெளியையும் செட் செய்து கழற்றிக் கொடுத்தார். அது எண்ணெய்த் தாளில் சுற்றி டிக்கியில் இருக்கிறது. இரண்டு ஸ்குரூ, ஒரு வயர். ஸ்குரூடிரைவர் இருந்தால் எந்தச் சாலையோரத்திலும் பழையபடி மாற்றிவிடலாம். அதன் பிறகுதான் அவர் மனம் இறங்கியது.

மாட்யூல்களில் இரண்டு வகை பரவலாக இருக்கின்றன. ஒன்று கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றையை ஒரு தட்டு வெட்டிவெட்டிப் போவதைப் பார்த்து இயங்குவது. மற்றது ஹால் விளைவை அடிப்படையாகக் கொண்டது; காந்தப்புலத்தில் வைத்த கடத்தியின் பக்கங்களுக்கிடையே மின்னழுத்தம் தோன்றுவதை எட்வின் ஹால் 1879இல் கண்டறிந்தார். நான் தேர்ந்தது இரண்டாவது. கேமின் மேல் நான்கு காந்தங்கள் பதித்த ஒரு வளையம் உட்காரும். பாயிண்ட் இருந்த இடத்தில் மாட்யூல் உட்காரும். காந்தம் கடக்கும்போதெல்லாம் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் காயிலின் மின்சாரத்தை அறுக்கும். தூசியும் எண்ணெய்ப் படலமும் காந்தத்தைத் தடுப்பதில்லை என்பது நம் சாலைகளுக்கு ஏற்றது.

வாங்குவதற்கு முன் இரண்டைச் சோதிக்க வேண்டும். பேட்டரியின் எந்த முனை பாடியோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்பது ஒன்று. பழைய வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் முனைதான் எர்த். அவற்றுக்கு நெகட்டிவ் எர்த் மாட்யூலை மாட்டினால் சாவியைத் திருப்பியவுடன் அதன் கதை முடிந்தது. இன்னொன்று காயிலின் மின்தடை. வயர்களைக் கழற்றிவிட்டு இரு சிறு முனைகளுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தால் 3 ஓம் அளவில் காட்ட வேண்டும். ஒன்றரை ஓம் காட்டினால் அது தனியாக ஒரு மின்தடையோடு சேர்த்துப் பயன்படுத்த வேண்டிய காயில்; அதை நேரடியாக 12 வோல்ட்டில் இணைத்தால் இருமடங்கு மின்சாரம் ஓடி மாட்யூலும் காயிலும் கொதிக்கும். பழைய லூகாஸ் காயில்களில் பிளஸ், மைனஸ் குறிக்குப் பதில் எஸ்.டபிள்யூ., சி.பி. என்று இருக்கும். முதலாவது சுவிட்சிலிருந்து வருவது, இரண்டாவது டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போவது. நெகட்டிவ் எர்த் வண்டியில் மாட்யூலின் சிவப்பு வயர் முதலாவதற்கும் கறுப்பு வயர் இரண்டாவதற்கும் போகும். இவை தலைகீழாகிவிட்டால் மாட்யூல் மன்னிக்காது.

மாட்டும் வேலை சிறியதுதான். கேப்பின் இரு கிளிப்பையும் தள்ளி, ரோட்டரை நேராக மேலே இழுத்து எடுத்து, பாயிண்டின் முனையில் இருக்கும் நட்டைக் கழற்றினால் காயில் வயரும் கண்டன்சர் வயரும் ஒரு பிளாஸ்டிக் புஷ்ஷோடு அடுக்கடுக்காக வெளிவரும். எந்த அடுக்கு எதன் மேல் இருந்தது என்பதைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். ரோட்டோரத்தில் திரும்ப மாட்ட நேர்ந்தால் அந்தப் படம்தான் துணை. கண்டன்சர் ஸ்குரூ கையிலிருந்து நழுவினால் நேராக எடைகளுக்குள் போய் விழும் என்பதால், திறந்திருக்கும் ஓட்டைகளில் சிறு துணித் துண்டைச் செருகிவிட்டுக் கழற்றுவது நல்லது. மாட்யூலை உட்காரவைத்து, வளையத்தைக் கேமில் அழுத்தினால் முனைகள் பொருந்தும் இடத்தில் சொடுக்கென்று இறங்கும். வளையத்துக்கும் மாட்யூலுக்கும் உள்ள இடைவெளியை அளக்கக் கூடவே வரும் பிளாஸ்டிக் தகடு சுமார் முக்கால் மில்லிமீட்டர் கனமுள்ளது. பிறகு ஷாஃப்டை முழுச் சுற்று திருப்பி எங்கும் உரசவில்லை என்று பார்க்க வேண்டும்.

வயர்கள் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும். வேக்குவம் இழுக்கும்போது பேஸ் பிளேட் திரும்பும். வயர் இறுக்கமாக இருந்தால் திரும்பாது, அல்லது நாளடைவில் அறுந்துபோகும். அதே நேரம் தளர்ந்த வயர் சுற்றும் வளையத்தில் போய்ச் சிக்கிக்கொள்ளவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே வயரை வளைத்துப் படியவைப்பதற்குத்தான் நிதானம் தேவைப்பட்டது. கடைசியாக, வளையம் வந்ததால் ரோட்டர் முன்பைவிடச் சற்று உயரமாக உட்கார்ந்திருக்கலாம். கேப்பின் நடுவில் இருக்கும் கரித்துண்டு ஸ்பிரிங்கில் தாராளமாக உள்ளே போய் வருகிறதா, கேப் எந்த அழுத்தமும் இல்லாமல் மூடுகிறதா என்று பார்த்துவிட்டே கிளிப்பைப் போடுங்கள். பிளக் வயர்கள் வெறும் செம்புக் கம்பியாக இருந்தால் அவற்றை மாற்றி, மின்தடை உள்ள வயர்களைப் போடுவதும் அவசியம். செம்பு வயர் கிளப்பும் மின்னிரைச்சல் மாட்யூலைக் குழப்பும்.

டைமிங்கை மறுபடி செட் செய்தே ஆக வேண்டும். பாயிண்ட் திறந்த அதே இடத்தில் மாட்யூல் அறுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பாயிண்ட் காலத்தில் ஒரு பல்பை மாட்டி அது எரியும் இடத்தைப் பார்த்து எஞ்சின் ஓடாமலே செட் செய்வோம். மாட்யூலுக்கு, பொறிக்கு ஒருமுறை மின்னும் ஸ்ட்ரோப் லைட்தான் நம்பத்தக்கது. கிராங்க் புல்லியில் இருக்கும் சிறு வெட்டைத் துடைத்து வெள்ளைப் பெயின்ட் தொட்டுவைத்து, வேக்குவம் டியூபைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐட்லிங்கைக் குறைத்து வைத்துக்கொண்டு, 1ஆம் சிலிண்டர் வயரில் லைட்டின் பிடியை மாட்டி அடித்தால், ஓடுகிற புல்லியில் அந்த வெள்ளைக் கோடு அசையாமல் நிற்பது தெரியும். பாயிண்ட் இருந்தபோது அதே கோடு ஒரு விரல்கடை அகலத்துக்கு முன்னும் பின்னும் நடுங்கிக்கொண்டிருந்ததை நானும் மெக்கானிக் அண்ணனும் பார்த்திருக்கிறோம். இப்போது அது ஓர் இடத்தில் நின்றது. அவர் லைட்டை என்னிடமிருந்து வாங்கி, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்துக் கொடுத்துக் கோடு சீராக முன்னேறுவதையும் திரும்புவதையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கழுவி வைத்த எடைகள் வேலை செய்கின்றன என்பதற்கு அதுவே சான்று. நுணுக்கமான திருத்தத்துக்கு டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் இருக்கும் சிறு திருகைப் பயன்படுத்தலாம். எந்தப் பக்கம் திருப்பினால் முந்தும், எந்தப் பக்கம் பிந்தும் என்பது அதன் அருகிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது.

மாற்றிய பிறகு வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டிய ஒன்று உண்டு. எஞ்சின் ஓடாத நேரத்தில் இக்னிஷன் சாவியைப் போட்டே வைத்திருக்கக் கூடாது. மாட்யூல் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயிலில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்து இரண்டும் சூடேறும். சில மாட்யூல்கள் எஞ்சின் நின்றதை உணர்ந்து தாமே துண்டித்துக்கொள்ளும், ஆனால் எல்லாம் அப்படி அல்ல. பேட்டரியையும் முன்பைவிடக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது மின்னழுத்தம் சுமார் 8 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பல மாட்யூல்கள் தடுமாறும். பாயிண்டோ அந்த நிலையிலும் ஏதோ ஒரு பொறியைக் கொடுத்து வண்டியைக் கிளப்பிவிடும். எங்கள் வண்டியில் இருப்பதுபோல டைனமோ உள்ள கார்களில் நெரிசலில் நிற்கும்போது சார்ஜ் ஏறாது என்பதால் இது இன்னும் பொருந்தும். பாடியில் வெல்டிங் வேலை நடந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, மாட்யூல் வயர்களையும் காயிலிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள்.

பலன் என்ன என்று கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். இதனால் வண்டியின் வேகம் கூடாது. மைலேஜ் அள்ளிக்கொண்டு போகும் என்று விற்பவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். நேற்றுத்தான் கச்சிதமாக செட் செய்த நல்ல பாயிண்டையும் மாட்யூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டினால் வித்தியாசம் சொல்வது கடினம். வித்தியாசம் சில ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு தெரியும். பாயிண்டின் டைமிங் அதற்குள் நகர்ந்திருக்கும், மாட்யூலின் டைமிங் செட் செய்த இடத்திலேயே இருக்கும். எங்கள் வண்டியில் ஐட்லிங் சீராகிவிட்டது, மதிய வெயிலில் நிறுத்தி எடுத்தாலும் முதல் செல்ஃபிலேயே பிடிக்கிறது, அண்ணா சாலை நெரிசலில் இடையிடையே தும்முவதும் நின்றுவிட்டது. பிளக் இடைவெளியை முக்கால் மில்லிமீட்டருக்கு உயர்த்தியதையும் எஞ்சின் ஏற்றுக்கொண்டது.

மாதத்துக்கு ஒருமுறை மட்டும் வண்டியை வெளியே எடுப்பவர்கள், பாயிண்டை நன்றாகப் பராமரிக்கத் தெரிந்த மெக்கானிக் பக்கத்திலேயே இருப்பவர்கள், பழைய காலத்து நல்ல பாயிண்டுகளைக் கொஞ்சம் சேர்த்துவைத்திருப்பவர்கள் ஆகியோருக்கு இந்த மாற்றம் தேவையில்லை என்றே சொல்வேன். தினமும் ஓட்டுபவர்களுக்கும் நெரிசலில் குடும்பத்தோடு போகிறவர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

மாட்யூல் போட்டுவிட்டோம், இனி டிஸ்ட்ரிபியூட்டரைத் திறக்கவே வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். ரோட்டருக்குக் கீழே ஷாஃப்டின் தலையில் அவ்வப்போது ஓரிரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். எடைகளுக்கு அந்த வழியாகத்தான் எண்ணெய் போகிறது. ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் கேப்பின் உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்து, முனைகளுக்கு நடுவே முடி போல மெல்லிய கறுப்புக் கோடு ஏதும் ஓடியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். அந்தக் கோட்டின் வழியாகப் பொறி கசிந்துபோகும், ஈரக்காற்றில் இன்னும் அதிகமாகப் போகும்; கோடு இருந்தால் சுரண்டிப் பார்க்காமல் கேப்பையே மாற்றிவிடுங்கள். டிக்கியில் இருக்கும் பேஸ் பிளேட்டையும் அப்போதே எடுத்துப் பாயிண்டின் முகத்தில் துரு பூத்திருக்கிறதா என்று பார்த்து, துடைத்து, புது எண்ணெய்த் தாளில் சுற்றி வைத்துவிடலாம்.